வேட்டியில் சிவந்த விஞ்ஞானம்

பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் போக என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு பாடம்தான். உருவமோ நிலையோ மாறியும் பொருள் அதுவாகவே இருந்தால் பௌதிக மாற்றம். பொருளே வேறொன்றாகிவிட்டால் ரசாயன மாற்றம். ஐஸ் உருகுவது முதல் வகை, காகிதம் எரிவது இரண்டாவது. முன்னது திரும்பும், பின்னது திரும்பாது. இப்போதைய புத்தகங்களில் இயற்பியல், வேதியியல் என்கிறார்கள். எனக்குப் பழைய வாய். வீட்டு வேலை ஒன்றும் தெரியாதவன் வீட்டில் அபிப்பிராயம் சொல்ல ஏதாவது ஒரு தகுதி வேண்டுமே, அதற்கு இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் வாய்ப்பு ஃப்ரீசரில் வந்தது. கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கி, சீக்கிரம் குளிரட்டும் என்று உள்ளே தள்ளிவிட்டு மறந்துபோனவர் யார் என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. பெரும்பாலான திரவங்கள் உறைந்தால் சுருங்கும். தண்ணீரோ வீம்புக்கு ஏறக்குறைய 9 சதவீதம் உப்பும். உப்பினால் பாட்டில்தான் வழிவிட வேண்டும், விட்டிருந்தது.

“உடைஞ்சாலும் கண்ணாடி கண்ணாடிதானே, வெறும் பௌதிக மாற்றம்தான்” என்றேன்.

“அது திரும்பும்னு சொல்வீங்களே, திருப்புங்க” என்று துடைப்பத்தை நீட்டினாள் என் மனைவி.

நியாயமான கேள்வி. கண்ணாடியை உருக்கி மறுபடியும் பாட்டில் செய்யலாம்தான். அதற்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எங்கள் அடுப்பு அப்பளம் சுடுவதற்கு ஏற்பட்டது. ஆக, பௌதிக மாற்றமாக இருந்துகொண்டே ஒன்று திரும்பாமல் போகலாம். சாம்பாரில் கூடிப்போன உப்பும் அப்படித்தான். கரைந்த உப்பைத் தண்ணீரை வற்றவைத்து எடுத்துவிடலாம், தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் செய்வது அந்த வேலையைத்தான் என்று ஒருநாள் விளக்கினேன். “எடுங்க, சாம்பாரை உங்க தட்டிலேயே ஊத்தறேன்” என்று பதில் வந்தது. உருளைக்கிழங்கு ரெண்டு வெட்டிப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பார்கள். அது உப்புத் தண்ணீரில் கொஞ்சத்தைக் குடிக்கும், அவ்வளவுதான். மிச்ச உப்பு மிச்ச சாம்பாரில் அதே காரியமாக இருக்கும்.

சூத்திரத்தின் மறுபாதியைக் கவிழ்த்தது வேட்டி. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி என்னைத் தாண்டிப் போகும்போது தொடைமேல் ஒரு மஞ்சள் வட்டத்தை வைத்துவிட்டுப் போனது. வீட்டில் யார் கண்ணிலும் படுவதற்குள் முடித்துவிடலாம் என்று குளியலறைக்குள் நுழைந்து துணி சோப்பை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சள் மறைந்தது. அந்த இடத்தில் சிவப்பு வந்தது. சோப்பு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் தேய்த்தேன். நன்றாகச் சிவந்தது. கதவைத் தட்டிய அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்குடா ஆரத்தி கரைக்கிறே?” என்றாள்.

அம்மா கிண்டலுக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் காரத்தைக் கண்டால் ஹைட்ரஜன் அயனியைப் பறிகொடுத்துச் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்வதைக் குளியலறையில் சோப்பு செய்தது. அச்சு அசல் ரசாயன மாற்றம். பாடத்தின்படி அது திரும்பக்கூடாது. அம்மாவோ பிழிந்து போட்டிருந்த எலுமிச்சை மூடியைக் கொண்டுவந்து ஒரு தேய் தேய்த்தாள். புளிப்பு பட்டதும் சிவப்பு பழையபடி மஞ்சளானது. அப்புறம் வேட்டியை அலசி, கறை பட்ட பக்கம் மேலே இருக்கும்படி மொட்டைமாடிக் கொடியில் வெயிலுக்குக் காட்டினாள். வெயில் ஏற ஏறக் கறை வெளுத்துக்கொண்டே போனது. வெளிச்சத்தில் குர்குமினே சிதைந்துபோகும், இதற்கு எலுமிச்சையும் கிடையாது சோப்பும் கிடையாது. திரும்புகிற ரசாயனம் ஒன்று, திரும்பாத ரசாயனம் ஒன்று, இரண்டும் ஒரே கறையில். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என் அம்மா.

நெய் உருக்குவதில் எனக்கு இன்னும் பெரிய அடி. வெண்ணெய் உருகுவது பௌதிகம் என்று சொல்லிக்கொண்டே அடுப்படியைக் கடந்து போனேன். பாதிதான் சரி. வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர். அது ஆவியாகிப் போகிறவரை சடசடவென்று சத்தம் வரும், அதுவரை பெரும்பாலும் என் கட்சி. சத்தம் அடங்கினதும் அடியில் கிடக்கும் பால் புரதமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து சிவக்க ஆரம்பிக்கும். 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் மெய்யார் பெயரில்தான் அந்த வினை வழங்குகிறது. நெய் மணக்கிறதே, அந்த வாசனையில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. என் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்கிறாள். சத்தம் மாறிய நொடியில் எழுந்து முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டு இறக்குகிறாள். பௌதிகம் முடிந்து ரசாயனம் தொடங்கும் இடம் அவளுக்குக் காதில் தெரிகிறது. எனக்கு அடிக்கசண்டில் சுடுசோற்றைப் போட்டுப் பிசைவதில் மட்டுமே நேரடி அனுபவம்.

வாசல் கேட் விஷயத்திலாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். துரு பிடித்துத் தேய்கிறது, எடை குறைகிறது என்றார் பெயின்டர். இல்லை, இரும்போடு ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து உண்டாவது துரு. உதிராமல் இருந்தால் எடை கூடத்தான் செய்யும் என்றேன். எரிகிறபோதும் கந்தகம் எடை கூடுகிறது என்று 18-ம் நூற்றாண்டிலேயே பாரிஸில் தராசு வைத்துக் காட்டியவர் லவாசியே. வரி வசூல் கம்பெனியில் பங்கு வைத்திருந்த பாவத்துக்கு 1794-ல் அவர் தலையை வெட்டிவிட்டார்கள். பெயின்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எடை கூடிச்சுன்னா பெயின்டும் கூடத்தான் சார் ஆகும்” என்று மதிப்பீட்டை ஏற்றினார்.

அதே லவாசியேதான் நாம் மூச்சு விடுவதும் ஒரு மெதுவான எரிதல் என்று கினி எலியை வைத்துக் காட்டியவர். இது என் சொந்தப் பிரச்சினையைத் தொடுகிறது. பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்குப் போவது பௌதிகம். தொப்பை கரைவது ரசாயனம். கரைகிற கொழுப்பு வியர்வையாகப் போகிறது என்று பலரும் நம்புகிறார்கள். கணக்கு வேறு. 10 கிலோ கொழுப்பு முழுசாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும், மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர். இதை இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில் மனைவிக்கு எடுத்துச் சொன்னேன்.

“மூச்சு வழியாவா போகுது?” என்று தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள். “நீங்க பேசற பேச்சுக்கு இந்நேரம் நூலா இளைச்சிருக்கணுமே!”