செப்டம்பர் 8-க்கு அப்பால் வண்டி போகாது

1998 ஏப்ரல் 20. சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். வரப்போகும் விண்டோஸ் 98 எவ்வளவு சமர்த்துப் பிள்ளை என்று சபைக்குக் காட்ட, கூட இருந்த மைக்ரோசாஃப்ட் ஊழியர் கிறிஸ் கபோசெலா ஒரு ஸ்கேனரைச் சொருகினார். சொருகியதுதான் தாமதம், திரை முழுக்க நீலம், விண்டோஸ் படுத்துவிட்டதன் அடையாளம். சபை கெக்கலித்தது. இதனால்தான் இன்னும் கடைக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறோம் போலிருக்கிறது என்று கேட்ஸ் சமாளித்தார். இரண்டே மாதத்தில் அனுப்பியும் வைத்தார்.

அந்தக் கால விண்டோஸுக்கு ஜீரண சக்தி குறைவு. புதிதாக எதைப் போட்டாலும் ஒத்துக்கொள்ளாது. மோடத்துக்கு டிரைவர் போட்டால் பிரிண்டர் படுத்துக்கொள்ளும். ஒரு விளையாட்டை ஏற்றினால், அது கூட்டிவந்த, பல புரோகிராம்கள் பொதுவில் பயன்படுத்தும் டிஎல்எல் ஃபைல் ஏற்கெனவே இருந்த டிஎல்எல்லைத் தள்ளிவிட்டு அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு” என்று வீட்டுக்காரர் புலம்புவார். ரிப்பேர்காரர் பெட்டியைத் திறக்காமலேயே “ஃபார்மட் பண்ணிடலாம் சார்” என்பார். தலைவலிக்குத் தலையை மாற்றும் வைத்தியம்.

விண்டோஸ் 98-க்குள் ஒரு கைவைத்தியம் இருக்கத்தான் செய்தது. கணினியை விண்டோஸுக்கு அடியில் கிடந்த பழைய டாஸில் எழுப்பி, ‘ஸ்கேன்ரெக்’ என்ற கட்டளையை ‘ரீஸ்டோர்’ என்ற வாலோடு தட்டினால், விண்டோஸின் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ஐந்து பழைய நகல்களைத் தேதியோடு நீட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் திரும்புவது கிட்டத்தட்ட ரெஜிஸ்ட்ரி மட்டும்தான். பத்திரத்தின் பழைய நகல் கைக்கு வரும். இடிந்த சுவர் இடிந்தபடியேதான் நிற்கும்.

2000 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டின் தலைமையகமான ரெட்மண்டில் பட்டாபிஷேகம். தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியை ஸ்டீவ் பால்மரிடம் கொடுத்துவிட்டு கேட்ஸ் நகர்ந்தார். பிப்ரவரியில் அலுவலகங்களுக்கென்று விண்டோஸ் 2000 வந்தது, என்.டி. என்ற தனி வம்சம், கெட்டியான உடம்பு. வீட்டு ஜனங்களுக்கு செப்டம்பர் 14 அன்று விண்டோஸ் மில்லினியம் எடிஷன். செல்லமாக ‘மீ’.

‘மீ’ செய்த முதல் காரியம், டாஸ் என்ற கிழவரைப் புழக்கடை அறையில் அடைத்துவிட்டு, இனிமேல் அவர் இல்லை என்று ஊருக்குச் சொன்னது. உள்ளே இருந்தபடி குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். ஸ்கேன்ரெக் வைத்தியம் பார்க்க வேண்டுமென்றாலும் பூட் ஃபிளாப்பியைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் சிஸ்டம் ரீஸ்டோர்.

யோசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சிஸ்டம் ஃபைல்களில் யார் கை வைத்தாலும், வைக்கும் முன் பழையதை ஒரு ரகசிய ஃபோல்டருக்குள் நகலெடுத்து வைத்துவிடும். ரெஜிஸ்ட்ரியையும் அவ்வப்போது படம் பிடித்துக்கொள்ளும். ஏதாவது கெட்டுப்போனால் ஒரு மாதக் காலண்டர் திறக்கும். திரும்பிப் போகக்கூடிய நாட்கள் (ரீஸ்டோர் பாயிண்டுகள்) மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். ஒன்றைத் தொட்டால் கணினி அணைந்து எழுந்து அந்த நாளுக்குப் போய்விடும். நீங்கள் எழுதிய கடிதம், கணக்கு எதையும் தொடாது. நாள் பார்த்துக் காரியம் செய்யும் ஜனங்களுக்கு இதைவிடப் பிடித்த சாஃப்ட்வேர் இருக்க முடியுமா?

ஆனால் இது நல்ல ஃபைல், இது கெட்ட ஃபைல் என்ற பேதமெல்லாம் அதற்குத் தெரியாது. வைரஸ் வந்து ஒட்டிக்கொண்டாலும் அதையும் பொன்னே போல் எடுத்து அதே ரகசிய ஃபோல்டரில் வைத்துப் பூட்டிவிடும். அந்த ஃபோல்டருக்குள் வேறு யாரும் கை வைக்க முடியாது. ஆன்டிவைரஸும்தான். வைரஸைப் பார்க்கும், கத்தும், பிடிக்க முடியாது. வீட்டையெல்லாம் கழுவி முடித்த பிறகு நீங்கள் வெள்ளந்தியாகப் போன வாரத்துக்குத் திரும்பினால், போன வாரத்துச் சளியும் கூடவே வரும். கடைசியில் ஆன்டிவைரஸ் கம்பெனிகளே, முதலில் சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்துங்கள், பிறகு வைரஸைப் பிடிக்கலாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. நிறுத்தினால் சேர்த்து வைத்த பழைய நாட்கள் அத்தனையும் அழிந்துவிடும். காவல்காரனை அனுப்பிவிட்டுத் திருடனைப் பிடிக்கும் திட்டம்.

இதெல்லாம் சில்லறை. உச்சகட்டம் 2001 செப்டம்பரில். அந்த மாதம் 8-ஆம் தேதிக்குப் பிறகு எடுத்த எந்த ரீஸ்டோர் பாயிண்டும் வேலை செய்யவில்லை. காலண்டரில் நாள் இருக்கும், தொட்டால் ஓடும், கணினி அணைந்து எழும், எழுந்ததும் திரும்ப முடியவில்லை என்று கைவிரிக்கும். தேதி குறித்துக்கொள்வதில் பிழை என்று மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கொண்டு ஒட்டுப் போட்டது. தேதியை வைத்தே பிழைப்பு நடத்தும் ஜோசியருக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியவில்லை!

1970 ஜனவரி 1-லிருந்து நொடி நொடியாக எண்ணி வரும் யூனிக்ஸ் கணக்கு நூறு கோடியைத் தொட்டு, ஒன்பது இலக்கத்திலிருந்து பத்து இலக்கமானது ரெட்மண்டில் அதே செப்டம்பர் 8 மாலை 6 மணி 46 நிமிடத்துக்கு. நமக்கு மறுநாள் காலை 7:16. தற்செயலா என்று என்னைக் கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கவனிக்க வேண்டியது, 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளெல்லாம் தேதி தெரியாமல் செத்துவிடும் என்று உலகமே பயந்து, கோடி கோடியாகச் செலவழித்து ஓய்ந்த பிறகு, ஆயிரமாண்டின் பெயரையே சூட்டிக்கொண்டு வந்த பிள்ளை ‘மீ’. முதல் பிறந்தநாளுக்கு ஆறு நாள் பாக்கி இருக்கும்போது தேதியில் கோட்டை விட்டது.

அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. என்.டி. வம்சத்தை வீட்டுக்குள் கூட்டிவந்து ‘மீ’யின் கணக்கை முடித்தார்கள். சிஸ்டம் ரீஸ்டோர் மட்டும் சீதனம் போலப் புது வீட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது. 2006-ல் பிசி வேர்ல்ட் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான மட்டமான தொழில்நுட்பச் சரக்குகளைப் பட்டியலிட்டபோது ‘மீ’க்கு நான்காம் இடம் கொடுத்து, மிஸ்டேக் எடிஷன் என்று பெயரும் வைத்தது. முதல் மூன்றுக்குள் வராதது ‘மீ’யின் பேரதிர்ஷ்டம்.

அந்தக் காலண்டர் விண்டோஸ் 11-லும் வேறு வேஷத்தில் உயிரோடு இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 10-லிருந்து பல கணினிகளில் அதை அணைத்து வைத்தே அனுப்புகிறார்கள். உங்கள் கணினியில் அது ஆனில் இருக்கிறதா, ஆஃபில் இருக்கிறதா? இன்றைக்கே பார்த்துவிடுங்கள். கெட்டுப்போன பிறகு தட்டினால் திரும்பிப் போக நேற்று என்று ஒன்று இருக்காது.