லாரி ஓடுது, ஃபைல் ஓடலையே!

கேள்வி: அப்பா ஒரு லாரியோடு தொடங்கினார். இப்போது நான்கு. வண்டியைவிடக் காகிதத்தைக் கட்டி மேய்ப்பதுதான் பெரும்பாடு. வழி உண்டா? (வாசகர், நாமக்கல்)

பதில்: நாமக்கல்லிலிருந்து லாரி சந்தேகம் என்னிடமா! சரி. எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று எல்லாவற்றின் காலாவதித் தேதியையும் வண்டிவாரியாகச் சுவரில் எழுதுங்கள். அப்பாவின் ஞாபகசக்தியை ஆர்.டி.ஓ. ஏற்கமாட்டார். டீசல் பில் டிரைவர் சட்டைப்பையில் வியர்வையில் நனைந்து வெள்ளைத்தாளாகும் முன், அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வரட்டும். இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் ஆயுள். டீக்கடையில் தூங்கினாலும் அது தூங்காது. 10 வண்டிவரை கணக்குப் புத்தகம் இல்லாமலே உத்தேச வருமானத்துக்கு வரி கட்ட வழியுண்டு. 11-வது சேஸிக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆடிட்டரைப் பாருங்கள்; ஜோசியர் காத்திருப்பார்.