உறையூர்க்காரர்

உறையூர்க்காரர் என்று இங்கே சொல்லப்படுபவருக்கும் திருச்சியில் இருக்கும் உறையூருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது சோழர்களின் பழைய தலைநகர். மெல்லிய பருத்தித் துணிக்குப் பேர்போன ஊர். இவருடைய தலைநகர் வீட்டுக் கூடம். துணி மட்டும் இரண்டுக்கும் பொது. மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளும் உறையோடு வந்து, உறையோடு வாழ்ந்து, உறையோடே போய்ச் சேர வேண்டும் என்று நம்பும் குடும்பத் தலைவர் எவரும் உறையூர்க்காரரே. சாதி, மதம், மாவட்டம் எதுவும் இதற்குத் தடையில்லை. பெரும்பாலும் வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஓய்வு பெற்றவர் என்றால் முற்றிய நிலை.

இவரை அடையாளம் காண ரிமோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் போதும். வாங்கிய அன்று எந்தப் பாலிதீன் பையில் இருந்ததோ அதற்குள்ளேயே அது இன்னும் இருக்கும். இரு முனையிலும் ரப்பர் பேண்ட். பை பழுத்து மஞ்சளாகி, எது சத்தம் எது சேனல் என்று கண்ணுக்குத் தெரியாது. வீட்டார் எல்லோருக்கும் விரலுக்குத் தெரியும். சத்தம் கூட்டும் பொத்தானின் மேல் மட்டும் கட்டைவிரல் பட்டுப் பட்டுப் பை ஓட்டையாகியிருக்கும். அந்த ஓட்டையை முன்னிட்டுப் பைக்கு மேல் இன்னொரு பை. தொழிற்சாலை அந்தப் பையைப் போட்டது கடைக்கு வந்து சேரும்வரை ரிமோட்டில் கீறல் விழக் கூடாது என்பதற்காக. இவர் கணக்கில் அந்தப் பயணம் இன்னும் முடியவில்லை.

இந்தக் குணம் திடீரென்று முளைத்ததல்ல. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. சாலிடேரோ டயனோராவோ வாங்க வேண்டுமென்றால் மாதக்கணக்கில் சம்பளத்தைச் சேர்த்து வைக்க வேண்டியிருந்த காலம். பெட்டிக்கு மரக்கதவு உண்டு. சில கதவுகளுக்குப் பூட்டும் உண்டு. தெருவே கூடத்தில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்த்துவிட்டுக் கலைந்த பிறகு, கதவை இழுத்துச் சாத்தி, மேலே பூவேலைத் துணியைப் போர்த்துவது வீட்டுப் பெரியவரின் வேலை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்தான் இன்றைய உறையூர்க்காரர். அன்று துணி போட்டதற்கு நியாயமும் இருந்தது. வண்ணப் படக்குழாய்க்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் நிற்கும். அதனால் கண்ணாடியின் மேல் நிலைமின் தேங்கி, அறையில் மிதக்கும் தூசியையெல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். கையைக் கிட்டே கொண்டுபோனால் மயிர் சிலிர்க்கும். இன்றைய தட்டைத் திரைக்கு அந்த இழுப்பு இல்லை. படக்குழாய் போய்விட்டது, துணி போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் பணியில் இறங்குவார். கிழிந்த எட்டு முழ வேட்டியில் நான்கு துண்டு, பல் துலக்கி ஓய்ந்த பிரஷ், சவரப் பிரஷ், மூக்குக்கண்ணாடியோடு இனாமாக வந்த சின்னத் துணி ஆகியவை கருவிகள். தட்டைத் திரைக்கு ஏற்றது உண்மையில் அந்தக் கடைசித் துணி ஒன்றுதான். அதைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, திரைக்கு இவர் எடுப்பது பழைய செய்தித்தாள். நனைத்த செய்தித்தாளால் துடைத்தால் பீரோ கண்ணாடி பளபளக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. பீரோவுக்கு அது சரி. தட்டைத் திரையின் முகம் பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம்; வெளிச்சம் பட்டுக் கூசாமலிருக்க அதன் மேல் ஒரு பூச்சும் இருக்கும். தாள் அதைக் கீறும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் அதை மங்கடிக்கும். திரவத்தை நேராகத் திரையில் பீய்ச்சினால் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். பிறகு செய்தி வாசிப்பவருக்கு இடது தோளில் மட்டும் பச்சைக் கோடு விழும். செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்: பிளக்கை எடுத்துவிட்டு, சூடு ஆறியதும், மெல்லிய துணியால் அழுத்தாமல் துடைப்பது, கறை போகாவிட்டால் துணியை லேசாக நனைத்துக்கொள்வது. அவ்வளவு கொஞ்சமாக வேலை செய்தால் அது என்ன ஞாயிற்றுக்கிழமை?

துடைத்து முடித்தால் போர்த்துதல். செட்டாப் பாக்ஸுக்குக் குரோஷா பின்னல். மோடத்துக்குக் கைக்குட்டை. அந்தப் பெட்டிகளின் மேலும் பக்கத்திலும் வரிவரியாகக் கீறல் விட்டிருப்பது உள்ளே பிறக்கும் வெக்கை வெளியேறுவதற்கு. அதை அடைத்தால் தூசி குறையும், சூடு ஏறும். எலக்ட்ரானிக்ஸைத் தூசி மெதுவாகத்தான் கொல்லும். சூடு அவ்வளவு பொறுமைசாலி அல்ல. மேலும், இருட்டும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடம் கரப்பான்பூச்சிக்குப் பிறந்த வீடு. செட்டாப் பாக்ஸ் இயல்பாகவே அப்படிப்பட்ட இடம். இவர் போர்வையும் போட்டுக் கொடுத்திருப்பார். ஒருநாள் பெட்டி நின்றுபோய், மெக்கானிக் மூடியைக் கழற்றும்போது குஞ்சும் குளுவானுமாக ஒரு குடும்பமே இறங்கி ஓடும். “அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா?” என்று இவர் பெருமூச்சு விடுவது அந்த நேரத்தில்தான்.

ஃபிரிட்ஜின் தலையில் இருபக்கமும் பை தைத்த விரிப்பு. கைப்பிடிக்கு வெல்வெட் உறை. கைப்பிடியைக் காப்பாற்ற வந்த அந்த வெல்வெட்டில் வீட்டின் பத்து வருஷச் சாம்பாரும் படிந்திருக்கும். பழைய மாடல்களில் பின்பக்கம் கறுப்புக் கம்பிவலை ஒன்று தெரியும். உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவது அதன் வேலை. அதில் ஒட்டடை மண்டினால் கம்பிரசர் கூடுதல் நேரம் ஓடும், கரண்ட் பில் ஏறும். சவரப் பிரஷ் அங்கே போனதே இல்லை, ஏனென்றால் விருந்தாளிகள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. ஏ.சி. கதையும் இதுதான். வாராவாரம் வெளி முகத்தைத் துடைப்பார். மூடியைத் தூக்கினால் கையோடு கழன்று வரும் வடிகட்டி வலையில் ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு இருக்கும். குழாயடியில் காட்டி, நிழலில் உலர்த்தி, திரும்ப மாட்ட கால் மணி நேரம்கூட ஆகாது. இவரோ, “கேஸ் போயிடுச்சு போலிருக்கு, குளிரே இல்ல” என்று ஆளைக் கூப்பிட்டு அனுப்புவார். வந்தவர் வலையைக் கழுவி மாட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார்.

இந்த ராஜ்யத்துக்கு உட்படாத பொருள் ஒன்று உண்டு. அது மிக்ஸி. அது மனைவியின் ஆட்சிப்பகுதி. அதற்கு உறை கிடையாது, விரிப்பு கிடையாது. தேங்காய்ச் சட்னி வழிந்த தடத்தைக் கைப்பிடித்துணியால் ஒரு இழுப்பு. ஜார் உட்காரும் குழியில் வாரத்துக்கு ஒருமுறை பிரஷ். இட்லிப்பொடி அரைக்கும்போது சூடேறி நின்றுவிட்டால் பத்து நிமிஷம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தல். பராமரிப்பு இவ்வளவுதான். கல்யாணச் சீராக வந்த மிக்ஸி கார்பன் பிரஷ்ஷும் கப்ளரும் மட்டும் மாற்றிக்கொண்டு இன்னும் ஓடுகிறது. உறையூர்க்காரர் இதைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

நியாயமாகச் சொன்னால், இன்வெர்ட்டர் விஷயத்தில் இவரை மிஞ்ச ஆளில்லை. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் படித்த பாடம். டியூபுலர் பேட்டரியின் மிதவை இறங்குவதற்குள் டிஸ்டில்ட் வாட்டர் கேனோடு மாடிப்படி அடியில் உட்கார்ந்திருப்பார். குழாய் நீரை ஊற்றக் கூடாது, அதிலுள்ள உப்பு ஈயத்தகட்டைக் கெடுக்கும் என்பது இவருக்கு மனப்பாடம். முனையில் பூக்கும் வெள்ளைப் பொடியை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உலர்ந்ததும் வாசலைன் தடவுவார். ஒரே ஒரு சறுக்கல் உண்டு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் காற்றிலிருந்து வந்த சுத்தத் தண்ணீர்தானே என்று பக்கெட்டில் பிடித்துவைத்து, கேன் வாங்கும் காசை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார். அது ஏ.சி.யின் உலோகத் துடுப்புகளையும் அங்கே படிந்த அழுக்கையும் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர். பேட்டரி பேசாது என்பதால் இந்தச் சிக்கனம் சில வருஷம் வெளியே தெரியாது.

ஆவணக் காப்பகம் தனி. வாரண்டி அட்டை, கையேடு, பில் எல்லாம் ஒரே ஃபைலில் வருஷ வாரியாக இருக்கும். அட்டைப்பெட்டியும் தெர்மகோலும் பரணில். வாரண்டி முடிந்தாலும் இறங்காது, வீடு மாறினால் வேண்டுமல்லவா? வீடு சொந்த வீடு. கடை பில்கள் இப்போதெல்லாம் வெப்பத்தாளில் வருகின்றன. சில மாதங்களில் எழுத்து வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். இதை உறையூர்க்காரர் அறிவார். அதனால் வாங்கிய அன்றைக்கே பில்லுக்கும் ஒரு உறை போட்டுவிடலாம் என்று லேமினேட் செய்யக் கொடுத்தார். வெப்பத்தாளில் எழுத்து விழுவதே சூட்டால்தான். லேமினேஷன் உருளையின் சூட்டில் தாள் முழுவதும் எழுத்தாகிவிட்டது. வழவழவென்ற அந்தக் கறுப்புச் சதுரம் ஃபைலில் முதல் பக்கமாக இருக்கிறது.

ஆயுத பூஜை இவருக்குப் பெருநாள். அன்று எல்லா உறைகளும் கழன்று, துவைத்து, கொடியில் காயும். வருஷத்தில் அன்று ஒருநாள்தான் பொருள்கள் பிறந்தமேனியாக மூச்சு விடும். தொலைக்காட்சி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், சார்ஜர், ஓடாத டேப் ரெக்கார்டர் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் ஏறும். மறுநாள் விஜயதசமிச் சிறப்புப் படம் பார்க்க உட்கார்ந்தால் ரிமோட் வேலை செய்யாது. இவர் முதலில் அதை உள்ளங்கையில் தட்டுவார். அடுத்து செல்லை எடுத்து இடம் மாற்றுவார், உருட்டுவார், லேசாகக் கடிப்பார், ஜன்னல் வெயிலில் வைப்பார். சூடு பட்டால் செல்லுக்குள் வேதிவினை கொஞ்சம் முடுக்கிக்கொள்ளும் என்பதால் ஓய்ந்த செல் இன்னும் நாலு அழுத்தலுக்கு வரும். கடித்தால் துத்தநாகக் கூடு நெளிந்து கசியும், அவ்வளவே. இந்தச் செல்லில் ஒரு கோளாறும் இல்லை. பேரன் கைப்பேசிக் கேமராவை ரிமோட்டின் நுனிக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்துவான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் ஊதாப் புள்ளியாக மினுங்கும்.

“தாத்தா, இது நல்லாத்தான் இருக்கு. பாருங்க, லைட் வருது.”

“அப்ப டிவி போச்சுடா.”

ஃபைல் வெளியே வரும். கறுப்புச் சதுரம் விரித்து வைக்கப்படும். வாரண்டி தேதி எங்கே என்று மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கித் தேடிக்கொண்டிருக்கும்போது, அடுக்களையிலிருந்து வருபவர் டிவியின் அடி விளிம்பில் ரிமோட் ஒளியை வாங்கும் சின்ன ஜன்னலைக் கைப்பிடித்துணியால் ஒரு இழுப்பு இழுப்பார்.

“ஏங்க, கண்ணுமேலயே பொட்டு வச்சா அது எப்படிங்க பார்க்கும்?”

டிவி ஓடும். உறையூர்க்காரர் ஒன்றும் பேசாமல் சந்தனத்தைக் கரைத்து ஒரு விரற்கடை தள்ளி மறுபடி பொட்டு வைப்பார். பை இல்லாத ரிமோட்டில் எண்களும் எழுத்துகளும் புத்தம் புதிதாகப் பளிச்சிடும். சத்தம் கூட்டும் பொத்தான் ஒன்றுதான் தேய்ந்திருக்கும். மாலைக்குள் அதற்குப் புதுப் பை வந்துவிடும்.