தரை மட்டும் பாக்கி

1972-ல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கும்பகோணத்தில் சோழன், கோவையில் சேரன் எனப் போக்குவரத்துக் கழகங்கள் முடிசூடின. மூவேந்தர்கள் சண்டை போடாமல் அருகருகே நின்றது நம் பஸ் ஸ்டாண்டில்தான். அப்புறம் கட்டபொம்மன், மருதுபாண்டியர், ராணி மங்கம்மாள், திருவள்ளுவர் என்று வரிசை நீண்டது. ஒரு கழகத்தை இரண்டாக உடைத்தால் இன்னொரு பெயர், இன்னொரு நிர்வாக இயக்குநர், அவருக்கு ஒரு கார். பஸ் என்னவோ அதே பஸ்தான்.

1997-ல் விருதுநகரில் புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது குட்டு உடைந்தது. மன்னர் பெயர் எழுதிய வண்டியில் ஏறி இறங்கியவர்களுக்கு, ஒரு தலித் வீரனின் பெயரைப் பார்த்ததும் காலடி கூசியது. தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. சாதி வெறியைத் தட்டிக் கேட்க முதுகெலும்பு வேண்டும். பெயரை அழிக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும். அரசு டப்பாவைத் திறந்தது. எல்லாத் தலைவர்களையும் ஒட்டுமொத்தமாக இறக்கிவிட்டார்கள். வள்ளுவரும் இறங்கினார், குறள் மட்டும் டிரைவர் முதுகுக்குப் பின்னால் தொற்றிக்கொண்டது.

அன்று திறந்த டப்பாவை இன்னும் மூடவில்லை. 2013-ல் சென்னைச் சிற்றுந்துகளில் இலை துளிர்த்தது. கட்சிச் சின்னமா என்று கேட்டால், ஐயையோ, இயற்கை என்றார்கள். 2023-ல் பழைய வண்டிகளைப் புதுப்பித்து மஞ்சள் பூசினார்கள். பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கும் பஸ்ஸுக்கு முன்னும் பின்னும் மட்டும் பிங்க் அடித்தார்கள். பக்கவாட்டுக்குப் போவதற்குள் பெயிண்ட் தீர்ந்துவிட்டதோ என்னவோ. அந்தப் பெண்களைத்தான் 2022-ல் ஓர் அமைச்சர் மேடையேறி ‘ஓசி’ என்றார். வரி கட்டுகிறவளுக்கு ஓசிப் பட்டம். அரசு காரில் வந்து இறங்குகிறவருக்கு மாண்புமிகு!

சரி, உள்ளே? 2024 பிப்ரவரியில் சென்னையில், ஓடிக்கொண்டிருந்த மாநகரப் பேருந்தின் தரைப் பலகை உடைந்து ஒரு பெண் ஓட்டைக்குள் விழுந்தார். சக பயணிகள் அலறி வண்டியை நிறுத்தி அவரைத் தூக்கினார்கள். ஏப்ரலில் திருச்சி. வளைவில் பஸ் திரும்பியது. கண்டக்டர் சீட்டோடு கழன்று ரோட்டில் போய் விழுந்தார். பயணிகளுக்கு ஆபத்து என்பது பழைய செய்தி. டிக்கெட் கிழிப்பவரையே வண்டி துப்பிவிட்டதுதான் புதுசு.

பழுதான வண்டியை ரூட்டில் அனுப்பாதே என்று சொல்ல டெப்போவில் யாருக்குத் துணிச்சல் வரும்? டிரிப் கட்டானால் விளக்கம் கேட்டு மெமோ வரும். தரை உடைந்தால் பணிமனை ஆள் மாட்டுவார். மேலிடத்துக்குச் சேதாரமில்லை. நிதி கேட்டால் நஷ்டக் கணக்கு நீட்டுவார்கள். ஓய்வுபெற்ற டிரைவர், கண்டக்டர்களின் அகவிலைப்படியை ஆண்டுக்கணக்கில் முடக்கி வைத்ததற்கும் அதே கணக்குதான்.

திருச்சியில் பணிமனை ஊழியர்கள் மீது சஸ்பெண்ட் உத்தரவு உடனே பாய்ந்தது. அந்த உத்தரவு வந்த வேகத்தில் நாலு போல்ட் வந்திருந்தால், அந்த மனுஷன் பஸ்ஸுக்குள்ளேயே இருந்திருப்பார்.