லைன் இல்லை, தம்பி!

"லைன் இல்லை, தம்பி" என்ற குரல் தொலைபேசியில் கேட்ட மாத்திரத்தில், அக்குரலுக்குரியவர் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்பதை நேரில் பாராமலே சொல்லிவிடலாம். ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில் இத்தகைய மாமாக்களுக்குப் பஞ்சமில்லை. எனக்கு வாய்த்தவர் மாடிவீட்டு மாமா.

பிளக்கைப் பிடுங்குவது அவருக்கு வெறும் காரியமன்று, அநுஷ்டானம். முதலில் நாட்டுவைத்தியர் நாடி பார்க்கும் நிதானத்தோடு மோடத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக உற்றுநோக்குவார். அத்தனையும் பச்சையாக எரிந்தாலும், "பச்சையிலே கொஞ்சம் சோகை தட்டியிருக்கிறது" என்று நிர்ணயம் செய்வார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தி, பிளக்கை உருவி, முப்பது வரை எண்ணுவார். இடையில் யாராவது பேசிவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பம். ஒருநாள் கீழே அஞ்சடி நடைபாதையிலிருந்து மீ கோரெங்காரர் குரல் கொடுத்துக்கொண்டே இருந்ததனால், அந்த மோடம் மஃரிப் தொழுகை நேரம் வரை உயிரற்றுக் கிடந்தது. முப்பது முடிந்து பிளக்கைச் செருகியதும் சில சமயம் லைன் வந்தும்விடும். அப்போது அவர் முகத்தில் தோன்றுகிற வெற்றிக்களை இருக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்கு உண்மையைச் சொல்ல மனம் வராது.

உண்மை என்னவென்றால், மாமாவின் கணினிக்கும் அந்த மோடத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. எப்போதோ பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன், பக்கத்துச் சுற்றுலா விடுதியின் வைஃபையில் அதைச் சேர்த்து, 'தானாக இணை' என்பதையும் தட்டிவிட்டுப் போய்விட்டான். அன்று முதல் அது அந்தப் பதிவிரதா தர்மத்திலிருந்து பிறழவில்லை. வீட்டு அமைப்பும் அதற்கு அநுகூலம். இந்தத் தெருக் கடைவீடுகள் அகலத்தில் சுருங்கி, நீளத்தில் ரயில்வண்டிபோல ஓடுபவை. நடுவே வானம் பார்த்த முற்றம். சுவரெல்லாம் கனத்த செங்கல். மோடம் பின்கட்டுச் சமையலறையில் அரிசி டின்னின்மேல். கணினியோ தெருவைப் பார்த்த முன்னறையில். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரிலேயே மூச்சடங்கிவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தள்ளாடியாவது வந்துசேரும் என்றால், அதிலே ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்று மூன்றே சானல்கள், அவற்றுக்குத் தெருவின் விடுதிகளெல்லாம் அடிதடி. சுவரில் துளையிட்டுக் கேபிள் இழுக்கலாமென்றால், 2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுச் சின்னமாக்கியதிலிருந்து மாமா தம் வீட்டுச் சுவரில் காலண்டர் ஆணிகூட அடிக்க விடுவதில்லை.

ஆக, சூலியா என்று தெருவுக்கே பெயர் கொடுத்த வம்சத்தவர், தம் லைனுக்கு மாதாமாதம் நூற்றுச் சொச்சம் வெள்ளி கட்டிவிட்டு, அயலான் வைஃபையில் வாடகையில்லாக் குடித்தனம் நடத்துகிறார்.

இதை நான் விளக்காமலில்லை. விடுதியின் பெயரை அமுக்கி 'மறந்துவிடு' என்பதைத் தட்டினால் போதும் என்றேன். "முப்பது வருஷமாகப் பக்கத்து வீடு, மறந்துவிடச் சொல்கிறாயே, தம்பி, நியாயமா?" என்றார். வேடிக்கையை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறேன்: எனக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு, அந்த மரப்படிகள் செங்குத்து, என் முழங்காலுக்கு வயது ஐம்பத்தைந்து, போன வாரம் மட்டும் மூன்று முறை ஏறினேன்.

மூன்றாம் முறை, அவர் எனக்காகத் தே தாரிக் வாங்கக் கீழே இறங்கிய சமயத்தில் (கூப்பிட்டபோதெல்லாம் வாங்கித் தருவார், அதையும் சொல்லவேண்டும்), விடுதியை நானே மறக்கடித்து, மோடத்தையும் முற்றத்துத் தூணருகே கொண்டுவந்து வைத்து, கணினியை அதற்குரிய இடத்தில் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே தொலைபேசி.

"தம்பி, லைன் பிரமாதமாகத்தான் ஓடுகிறது. ஆனால் தினமும் திறந்தவுடனே 'நல்வரவு' என்று பூப்படம் போட்டு ஒரு பக்கம் வருமே, நானும் மரியாதையாக 'சம்மதம்' என்று அமுக்குவேனே, அதைக் காணோம். லைன் கம்பெனிக்காரர்களுக்கு என்மேல் ஏதாவது கோபமா?"

பிளக் கையில்தான் இருக்கிறது என்றார். இருபத்திரண்டு வரை எண்ணியாகிவிட்டதாம்.