எருமை வாங்கலாம் என்றிருக்கிறேன்

பெறுநர்:
இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் அவர்கள்,
புதுடெல்லி.

பொருள்: எருமை வாங்குவது குறித்து ஆலோசனை கேட்டும், கேட்காத சில ஆலோசனைகளைத் தந்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆலோசனை சொல்வது எனக்குப் பழகிப்போன காரியம். எங்கள் தெருவில் அரிசியில் வண்டு விழுந்தாலும், வெண்டைக்காய் கொழகொழத்தாலும், பிள்ளைக்கு வயிற்றாலே போனாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நாலு காய்ந்த மிளகாயைப் போட்டு வை, வதக்கும்போது புளித்தண்ணி ஒரு கரண்டி விடு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரை, டம்ளர் டம்ளராகப் பிரித்துக் கரைக்காதே என்று சொல்லி அனுப்புவேன். கட்டணம் கிடையாது. வாங்கியிருந்தால் உங்களுக்குக் கடிதம் எழுதும் அவசியமே வந்திருக்காது. ஆலோசகர் என்று ஒரு தொழில் எழுதி, என்னை உழைப்பவர் பக்கம் சேர்த்திருப்பீர்கள்.

2011 கணக்கெடுப்புக்கு ‘வேலை’ என்றால் என்ன என்று உங்கள் அலுவலகம் கொடுத்த விளக்கத்தைப் படித்தேன். பொருளாதாரப் பயன் தரும் எந்தச் செயலும் வேலைதான், கூலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். இந்த வரியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, வீட்டு வேலை அந்தப் பயனில் சேராதாம். ஆனால் தாங்கள் கருணை உள்ளவர், ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறீர்கள். விற்காமல் வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிர் செய்தாலும், பால் உற்பத்தி செய்தாலும் அது வேலை.

அதனால்தான் எருமை. கறந்தால் நான் தொழிலாளி. கறந்த பாலை அடுப்பில் ஏற்றி, பொங்காமல் பக்கத்தில் நின்று, ஆற்றி, உறை ஊற்றி, மறுநாள் மோர் கடைந்து, மாமிக்கு உப்பில்லாமலும் பிள்ளைகளுக்கு உப்புப் போட்டும் கொடுத்தால் நான் சும்மா இருக்கிறேன். எருமையின் மடிக்கும் என் அடுப்புக்கும் நடுவில் எந்த இடத்தில் உழைப்பு நின்றுபோகிறது என்று குறித்துக் கொடுத்தால் அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்வேன். இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆண்டில் ஆறு மாதமாவது உழைத்தால் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் விளிம்புநிலைத் தொழிலாளர் என்கிறீர்கள். நல்ல எருமை பத்து மாதம் வரை கறக்கும் என்கிறார்கள். இடையில் சீக்கிரமே வற்றிவிட்டால் விளிம்புக்குப் போவது எருமையா, நானா? எங்கள் சந்தில் ஸ்கூட்டியை நிறுத்தவே இடமில்லை. மொட்டைமாடியில் கட்டினால் செல்லுமா என்பதையும் தெரிவிக்கவும்.

எருமை இல்லாதவர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் பார்த்தேன். மாணவர், பிறரைச் சார்ந்திருப்போர், ஓய்வூதியர், வாடகை வருமானத்தில் வாழ்பவர், பிச்சை எடுப்பவர் என்று போகும் வரிசையில் ‘வீட்டு வேலை செய்பவர்’ என்று நாங்களும் நிற்கிறோம். 2010 ஜூலையில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது. நீதிபதிகள் சிங்வியும் கங்குலியும் இருந்த அமர்வு அது. 2001 கணக்கெடுப்பில் சுமார் 36 கோடிப் பெண்களை உழைக்காதவர் என்று எழுதி, பிச்சைக்காரர், பாலியல் தொழிலாளி, கைதி ஆகியோரோடு ஒரே வகையில் வைத்தது தகுமா என்று நீதிபதி கங்குலி கேட்டார். எனக்கு அந்த வரிசையில் உடன் நிற்பவர்கள் பேரில் வருத்தமில்லை. பிச்சை எடுப்பவர் வெயிலில் நாளெல்லாம் நடக்கிறார். சிறைச் சமையற்கட்டில் வேகும் தண்டனைக் கைதிக்குக் கூலி உண்டு. என்னை உறுத்துவது வாடகையில் வாழ்பவர்தான். ஒன்றாம் தேதி கதவைத் தட்டி வாங்கிக்கொண்டு போகிறவரும், அந்தப் பணத்தை மளிகையிலும் கேஸிலும் மிச்சம் பிடித்து எண்ணிக் கொடுக்கிற நானும் ஒரே ரகமா?

பழி முழுவதும் உங்கள் தலையில் விழக்கூடாது. 1851-ல் இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது மனைவி, தாய் என்று வீட்டில் உழைப்பவர்களுக்குத் தனி வகுப்பே வைத்திருந்தார்கள். 1881-ல் அதே இங்கிலாந்து அவர்களைத் தொழிலில்லாதவர் பக்கம் தள்ளியது. இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் முதன்முதலாகத் தலை எண்ணியதும் அதே 1881-ல்தான். வெள்ளைக்காரரிடமிருந்து எத்தனையோ வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இதை மட்டும் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறோம். நடுவில் 1991-ல், பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்வதும் வேலைதான் என்று கேள்விக்குள்ளேயே சேர்த்தீர்கள். அதற்கு நன்றி. வாசல்படி வரை வந்துவிட்டீர்கள், அடுப்படிக்கு வரத்தான் இன்னும் மனம் வரவில்லை. 2013-ல் ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் புள்ளியியலாளர்கள், சொந்த வீட்டுக்குச் சமைப்பதும் பிள்ளை பார்ப்பதும்கூட ‘வேலை’ என்ற சொல்லுக்குள் அடக்கம் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். அந்தத் தபால் டெல்லிக்கு வந்து சேர்ந்ததா?

எஸ். மீனாட்சி அம்மாள் என்று ஒருவர் இருந்தார். சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்த வீட்டுப் பெண்மணி. 1951-ல் அதையெல்லாம் ‘சமைத்துப் பார்’ என்று புத்தகமாகப் போட்டார். உங்கள் விதிப்படி புத்தகம் விற்றது தொழில். அதற்கு முன் அதே கையால் எத்தனையோ ஆண்டு வைத்த ரசம் ஒன்றுமில்லை.

உங்களுக்கு நேரமிருந்தால் பக்கத்து அமைச்சகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கைக் கடன் வாங்கிப் பாருங்கள். 2019-ல் சம்பளமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024-ல் பெண்கள் 289, ஆண்கள் 88. எங்களுக்கு 10 நிமிடம் குறைந்ததற்குக் குக்கருக்கும் மிக்சிக்கும் நன்றி சொல்லலாம் என்று பார்த்தால், ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. விட்டுப்போன நிமிடங்களில் பாத்திரம் தானாகக் கழுவிக்கொண்டதா என்று அந்த அமைச்சகத்தைக் கேட்டுச் சொல்லவும். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. அது தனியாகப் பெண்களுக்கு 137 நிமிடம், ஆண்களுக்கு 75. ஓர் அரசு அலுவலகம் நிமிடக் கணக்கில் எங்கள் வேலையை எழுதி வைத்திருக்க, இன்னோர் அலுவலகத்தில் வேலையே இல்லை என்றிருப்பது அதிசயம்தான்.

சென்னை உயர் நீதிமன்றமும் 2023 ஜூனில் எழுதியது. கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபாதி உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. மேலாளர், சமையற்காரர், வீட்டு வைத்தியர், வீட்டுப் பொருளாதார நிபுணர் என்று அவளுடைய உத்தியோகங்களையும் வரிசையாகச் சொல்லியிருந்தார். நாலு உத்தியோகம், ஐயா. உங்கள் கட்டத்தில் ஒன்றுகூட விழவில்லை.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு பெண் இருக்கிறார். 1755 வாக்கில் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தை அடக்கியிருப்பது எங்கள் பெரிய பள்ளிவாசலில்தான், பேகம்பூர் என்ற பெயரும் அவரால்தான் என்பார்கள். உங்கள் படிவத்தை அன்றைக்கு நிரப்பியிருந்தால் அண்ணனுக்குப் படைத்தலைவர் என்றும் தங்கைக்கு உழைக்காதவர் என்றும் வந்திருக்கும். ஊர் என்னவோ தங்கை பெயரைத்தான் எடுத்துக்கொண்டது.

இனி ஆலோசனை. வருகிற கணக்கெடுப்பை 2027 பிப்ரவரியில் வைத்திருக்கிறீர்கள். மார்ச் 1, நள்ளிரவு 12 மணிக்கு யார் யார் என்னென்ன என்பதுதான் கணக்கு. பிறை பார்த்துப் பழகிய நாங்கள் சொல்கிறோம், பிப்ரவரி இரண்டாம் வாரமே நோன்பு தொடங்கிவிடும். எனவே கணக்கெடுக்க வருகிற டீச்சரம்மாவிடம் சொல்லி வையுங்கள், அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவில் வேண்டாம். அந்நேரம் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறவர் கூலிக்கு உழைப்பவர், அவரை நிம்மதியாக எண்ணலாம். வீட்டில் வடை சுடுகிறவள் சும்மா இருப்பவள், அவளுக்குப் பேச நேரமிருக்காது. உங்கள் நள்ளிரவு 12 மணிக்கு வந்தால் எங்களைத் தூங்கும் கோலத்தில் பார்க்கலாம். மூன்றரைக்கெல்லாம் சஹர் சமையலுக்கு எழுந்துவிடுவோம், அதற்குள் எண்ணி முடித்துவிடுங்கள். டீச்சரம்மாவும் தன் வீட்டில் சஹரோ காலைச் சாப்பாடோ செய்து வைத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார் என்பது வேறு கதை.

அப்புறம், கதவைத் திறந்தவரிடமே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட வேண்டாம். எங்க வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் கேட்டால் “வீட்ல சும்மாதான் இருக்காங்க” என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார். அது ஆபத்து. 1948-ம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி, கேட்டதற்குத் தெரிந்த உண்மையைச் சொல்வது கட்டாயம். தெரிந்தே பொய் சொன்னால் 11-ம் பிரிவில் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 2023 செப்டம்பரில் மாநில அரசு மாதாமாதம் மகளிர் உரிமைத்தொகையாகக் கொடுக்கத் தொடங்கியதும் அதே ஆயிரம்தான். அதை இந்த வகையில் செலவழிக்க எனக்கு மனமில்லை.

ஆகவே என்னைக் கேட்டால், வேலை செய்கிறேன், ஆண்டு முழுவதும், என்றுதான் சொல்வேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டே டீச்சரம்மா உங்கள் விதிப்படி ‘உழைக்காதவர்’ என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டால், பொய் சொன்னவர் யார், அபராதம் யார் கட்டுவது என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். நான்தான் கட்ட வேண்டும் என்றால் பிப்ரவரி மாத மளிகையிலேயே பிடித்து வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு குடும்பத்தலைவி,
பேகம்பூர், திண்டுக்கல்.