பிளான் மாமா

ஐபிஎல் அட்டவணை வெளியான அன்று ஊரில் எல்லாரும் சென்னைக்கு எதிரே யார் என்று பார்ப்பார்கள். பிளான் மாமா காலண்டரைப் பார்ப்பார். என்ன கிழமை, முகூர்த்த நாளா, முன்னும் பின்னும் லீவு உண்டா, பழனிக்குக் கூட்டம் போகிற சமயமா என்பதெல்லாம்தான் அவருக்குக் கணக்கு. எதிரே ஆடுவது மும்பையா பெங்களூரா என்று யாராவது எடுத்துச் சொன்னால், "யாரா இருந்தா என்னப்பா, திரும்பி வர வண்டி இருக்கா, அதைச் சொல்லு" என்பார்.

மாமாவுக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கன்னிவாடி சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் புகைந்தால் நேரே அவர் கடைக்குத்தான் வரும். மற்ற மாதங்களில் சொன்ன நாளில் கொடுத்துவிடுகிற நாணயஸ்தர். பங்குனி, சித்திரையில் மட்டும் மோட்டார்கள் கடை வாசலில் வயிறு திறந்தபடி வரிசையாகக் கிடக்கும். கேட்டால், "மோட்டார் எங்கய்யா போயிரும்? பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல சீட்டுல்ல போயிரும்" என்று பதில் வரும். தண்ணீர் இல்லாமல் வாடுகிற தக்காளிக்கு இந்த நியாயம் புரியாது.

இவர் இனத்தார் எங்கும் உண்டு. ஒட்டன்சத்திரத்தில் இருப்பவர் சபரிமலைக்கு ஆள் சேர்ப்பார். செம்பட்டியில் இருப்பவர் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வேன் பேசுவார். எங்கள் ஊர்க்காரர் கிரிக்கெட்டைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம். இவர்களுக்கு ஊர் போய்ச் சேருவது முக்கியமில்லை. எட்டுப் பேரைக் குறையாமல் கொண்டுபோய்க் குறையாமல் கொண்டுவருவதில்தான் உயிர் இருக்கிறது. மாமாவுக்குச் சொந்தமாக ஒரு பேட் கிடையாது. எல்பிடபிள்யூ எப்படிக் கொடுக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

சந்தேகம் இருந்தால் நத்தத்துக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, நத்தம் கல்லூரி மைதானத்தில் டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடக்கின்றன. 2024-ல் கோப்பையைத் தூக்கியதும் அஸ்வின் தலைமையில் ஆடிய நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ்தான். மத்தியானம் பஸ் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். மாமாவின் முகம் சுண்டிப்போகும். "அதுல என்னப்பா இருக்கு? ரெண்டு பஸ் மாறினா வந்துருது."

அவருடைய தங்கை மகன் சிகாகோவில் இருக்கிறான். லீவுக்கு வந்தவன், அங்கே தான் பேஸ்பால் பார்க்கப் போவதைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான். ரிக்லி ஃபீல்டு என்ற மைதானமாம். 1914-ல் கட்டியதாம், நம் சேப்பாக்கத்துக்கு இரண்டு வயது மூத்தது. மாமா டைரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எத்தனை நாளைக்கு முன்னாடி பிளான் போடுவீங்க?" என்றார். "பிளான் எல்லாம் இல்ல மாமா. சாயந்தரம் வேலை முடிஞ்சதும் ரயில் ஏறிப் போயிருவேன். ஒரு சீசனுக்குச் சொந்த ஊர்லயே 81 ஆட்டம். இன்னைக்கு விட்டா நாளைக்கு." மாமா டைரியை மூடினார். சென்னைக்கு லீக் சுற்றில் சொந்த மைதானத்தில் கிடைப்பதே ஏழு. "81 ஆட்டம் ஒரே ஊர்ல நடந்தா அது மேட்ச்சு இல்லப்பா, மார்கழி பஜனை." அமெரிக்கா மேல் அவர் வைத்திருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

அவர் மனசார மெச்சுகிற காரியம் ஒன்று உண்டு. 2018-ல் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் நடந்தது. மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மீதி ஆட்டங்களைப் புனேக்கு மாற்றிவிட்டார்கள். மாமா கட்டியிருந்த திட்டம் மொத்தமும் சரிந்தது. ஆனால் அடுத்த வாரமே, ஆயிரம் பேர் வாக்கில் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னை சென்ட்ரலிலிருந்து புனேக்கு 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' என்று தனி ரயில் கிளம்பியதும் மாமா கலங்கிப்போனார். ராஜஸ்தானை அடித்துத் துவைத்ததையும் வாட்சன் சதம் போட்டதையும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஆயிரம் பேருக்கு பெர்த் லிஸ்ட் எவன்டா போட்டான்? அவன் மனுசனே இல்லடா, தெய்வம்."

இனி 2025-க்கு வருகிறேன். அந்த வருஷம் நானும் அவருடைய எட்டுப் பேரில் ஒருவன்.

அட்டவணை பிப்ரவரி 16 அன்று வந்தது. இங்கேதான் மாமா வர்க்கத்தின் ஞானம் வேலை செய்கிறது. ரயிலில் 60 நாளைக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். மேட்ச் டிக்கெட்டோ ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான் விற்பனைக்கு வரும். அதாவது ரயில் சீட்டு கையில் இருக்கும்போது மேட்ச்சுக்கு உத்தரவாதம் இல்லை. மேட்ச் சீட்டு கைக்கு வரும்போது ரயிலில் இடம் இல்லை. சாதாரண மனிதன் இந்த இடத்தில் டிவியைப் போட்டுவிடுவான். மாமாவுக்கு இந்த இடுக்கில்தான் வாழ்க்கையே.

அவர் தேர்ந்தெடுத்தது ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, கொல்கத்தாவோடு. அன்று பங்குனி உத்திரம். அத்தைக்கு ஆத்திரம். "ஊரே முருகனைப் பாக்கப் போகுது, நீங்க எங்க போறீங்க?" மாமா நிதானமாக விளக்கினார். "அதான் விசயம். ஊரே பழனிக்குப் போறப்ப நாம மட்டும் மெட்ராஸ் போனா பொட்டி காலியா இருக்கும்." தர்க்கம் சரிதான். திரும்புகிற வழியை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்கியது. திங்கட்கிழமை தமிழ்ப் புத்தாண்டு. வெள்ளி ராத்திரி பாதிச் சென்னை தெற்கே மூட்டை கட்டும். எந்த ரயிலைத் தொட்டாலும் வெயிட்டிங் லிஸ்ட். மாமா அதற்கு டைரியில் தனிப் பக்கம் ஒதுக்கினார்.

அந்த டைரி ஒரு விதைக் கம்பெனி இனாமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கீழே மக்காச்சோளப் படம் இருக்கும். மேலே மாமாவின் கையெழுத்தில் ஆள் விவரம். ஒருவன் பெயருக்கு நேரே 'அப்பர் பெர்த் கூடாது, விழுந்த முன் அனுபவம்' என்று இருந்தது. இன்னொருவனுக்கு 'பணம் கடைசியில்தான் தருவான், தருவான்'. என் பெயருக்கு நேரே, 'பேச்சு அதிகம், ஜன்னல் ஓரம் உட்கார வை'. அடுத்த பக்கத்தில் தலைப்பு 'மழை பெய்தால்'. அதற்கடுத்து 'தோனி ஆடாவிட்டால்' என்று போட்டு, அடியில் ஒரே வரி: 'ரயில் நகரும் வரை பயல்களிடம் சொல்லக் கூடாது'.

டிக்கெட் விற்பனை ஆன்லைன். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் இல்லை. எட்டுப் பேருக்கு நாலு போன் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும். மலையடிவாரத்தில் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்பதால் மாமா ஆட்களை நாலு திக்கில் நிறுத்தினார். ஒருவன் பஸ் ஸ்டாண்டில். ஒருவன் மொட்டை மாடியில். ஒருவன் பைக்கில் ரெட்டியார்சத்திரம் மெயின் ரோட்டில். இன்னொருவனைப் பன்றிமலைப் பாதையில் மேடான வளைவு ஒன்றில் நிறுத்தியிருந்தார். உனக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர் என்று திரை காட்டும்போதெல்லாம் மாமா போனில் ஒவ்வொருவனையும் கூப்பிட்டு "கையை அசைக்காத" என்றார். அவர் கூப்பிட்டதாலேயே மாடிக்காரனுக்கு இணைப்பு அறுந்து வரிசை முதலிலிருந்து ஆரம்பித்தது. அந்த சீசனில் அடிமட்ட விலை 1,700 ரூபாய். அது கண்ணில் பட்டு மறைந்துவிட்டது. மேல் தட்டில்தான் கிடைத்தது. மலையில் நின்றவன்தான் முதலில் வாங்கினான். ஒட்டுமொத்தக் கதையில் இயற்கை செய்த உதவி அது ஒன்றுதான்.

பத்தாம் தேதி சாயந்தரம் எங்கள் பஸ் கிழக்கே திண்டுக்கல்லுக்குப் போய்க்கொண்டிருக்க, எதிர்ச்சாரியில் பச்சை வேட்டிக்காரர்கள் அரோகரா சொல்லிக்கொண்டு மேற்கே நடந்துபோனார்கள். எங்கள் பயல்கள் மஞ்சள் சட்டையோடு ஜன்னலில் தொங்கி விசில் அடித்தார்கள். ஒரு பெரியவர் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்த பார்வையை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் எழும்பூர். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் குளிக்க மட்டும் இரண்டு அறை. குளியல் ஆளுக்குப் பத்து நிமிடம். டைரியில் 'கடல் பார்த்தல்' என்று நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தது. நாற்பத்தொன்றாவது நிமிடம் விசில். மத்தியானம் பாஸ்மதி அரிசிப் பிரியாணியைப் பார்த்ததும் பயல்கள் சீரகச் சம்பாவை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தச் சோகத்துக்கு டைரியில் நேரம் ஒதுக்கப்படவில்லை. சாயந்தரம் வாலாஜா சாலையில் நிற்கும்போது, சும்மா இருக்க முடியாமல் நான் மாமாவிடம் மைதானத்தின் பெருமையை ஆரம்பித்தேன். 1952-ல் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் ஜெயித்தது இங்கேதான் மாமா, இங்கிலாந்தை. 1986-ல் ஆஸ்திரேலியாவோடு டை ஆனதும் இங்கேதான். 1999-ல் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று அவர்களுக்குக் கைதட்டியது. மாமா கடைசிச் செய்தியில் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "எல்லாரும் நின்னு கைதட்டிக்கிட்டிருந்தா வெளிய வர லேட்டாகியிருக்குமே. பஸ்ஸு என்ன பண்ணாங்க?"

தண்ணீர் பாட்டிலும் பவர் பேங்க்கும் உள்ளே விட மாட்டார்கள் என்று மாமா காலையிலேயே பறிமுதல் செய்து மேன்ஷனில் பூட்டிவிட்டார். வாசலில் மற்றவர்கள் போலீஸ்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருக்க, நாங்கள் எட்டுப் பேரும் வெறுங்கையோடு விறுவிறுவென்று நுழைந்தோம். அந்த நடையில் மாமா முகத்தில் தெரிந்த கம்பீரத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

உள்ளே நடந்ததை நாடே அறியும். சென்னை முதலில் ஆடியது. ஆடியது என்பது மரியாதைக்காகச் சொல்வது. விக்கெட் விழ விழ மாமா எங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஏழுதான் வந்தது. சோளப்பொரி வாங்கப் போன பையனைக் காணோம். மாமா எழுந்து போனார். அவர் தலை படிக்கட்டில் மறைந்ததும் ஒன்பதாவது ஆளாகத் தோனி இறங்கினார். காது அடைத்துவிட்டது. பக்கத்திலிருந்தவர் என்னைக் கட்டிப்பிடித்தார், யாரென்றே தெரியாது. நாலு பந்து, ஒரு ரன். நரைன் பந்தில் எல்பிடபிள்யூ. பையனைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாமா திரும்பியபோது சேப்பாக்கம் முழுவதும் ஊமையாகி நின்றது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தொழில் முறையில் கேட்டார்: "என்னப்பா, கரண்டு போயிருச்சா?"

20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. கொல்கத்தா 10.1 ஓவரில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. எட்டு விக்கெட் வித்தியாசம், 59 பந்து மிச்சம். மஞ்சள் சட்டைகள் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தன. எங்களில் ஒருவன் அழுதான். முருகன் குத்தம் என்றான் இன்னொருவன். எனக்கும் அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தது.

மாமா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் பூத்தது. பதினொரு மணிக்கு மேல் முடியும் என்று கணக்குப் போட்டிருந்த ஆட்டம் ஒரு மணி நேரம் முந்தி முடிந்துவிட்டது. "எந்திரிங்கடா, எந்திரிங்கடா! அழுகையெல்லாம் பஸ்ஸுல வச்சுக்கலாம்." மேன்ஷனில் மூட்டையை எடுத்து, அரசினர் தோட்டம் மெட்ரோவில் ஏறி, விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கிளாம்பாக்கம். ஊருக்குப் போகிறவர்கள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தார்கள். ஆட்டம் கடைசி ஓவர் வரை போயிருந்தால் விடிய விடிய நடைமேடைதான். எங்கள் எட்டுப் பேருக்கும் திண்டுக்கல் பஸ்ஸில் இடம் கிடைத்தது, அதுவும் சேர்ந்தாற்போல. பஸ் நகர்ந்ததும் மாமா எண்ணினார். எட்டு. செல்போன் வெளிச்சத்தில் டைரியைத் திறந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'ரெண்டாவது பேட்டிங் சீக்கிரம் முடிந்தால் கிளாம்பாக்கம் சௌகரியம்' என்று இருந்தது. அடியில் மக்காச்சோளம்.

மறுநாள் கடை திறந்ததும் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். தோல்வியைப் பற்றித் துக்கம் விசாரிக்கிற தொனியில் ஒருவர், "மேட்ச்சு எப்படி இருந்துச்சு மாமா?" என்றார்.

"அருமைப்பா" என்றார் மாமா, காயிலைக் கையில் எடுத்தபடி. "ஏழு மணிக்கெல்லாம் திண்டுக்கல்ல இறக்கி விட்டுட்டான்."